ஆறுக்கு ஒன்று

கிறிஸ்மஸ் அன்று பனி விழுமா விழாதா என்று பந்தயம் கட்டுகிற நாடு ஒன்று இருக்கிறது என்பதை நான் 2002 டிசம்பரில்தான் அறிந்தேன். சொன்னவர் எங்கள் மேல்வீட்டு அக்கா. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இரும்புப் படி வெளியே சுழன்று ஏறும் பழைய வீடு அது. நான் கீழ்மாடியில் தனியாக இருந்தேன். அக்காவும் கணவரும் நடுமாடியில். நான் படியில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, என் வேலையைக் கொஞ்ச நேரம் மேற்பார்வை செய்தார்.

"லண்டனில இருபத்தைஞ்சாம் திகதி ஒரே ஒரு பனிப்பூ விழுந்தாக் காணும் தம்பி. வானிலைக் கந்தோர்க் கூரையில விழுந்ததெண்டு அவங்கள் சொன்னால், கட்டினவனுக்குப் பந்தயக்கடைக்காரர் நாங்கள் காசு குடுக்கோணும்."

"அந்தப் பந்தயம் இங்க சரிவராது அக்கா. இங்க பனி எப்பிடியும் விழும்."

"அப்ப விழுமோ எண்டு கட்டக்கூடாது. ஆர் அள்ளுறது எண்டு கட்டோணும்."

அங்கேயே கட்டினோம். மத்தியானத்துக்கு முன் நகரசபையின் பனி வண்டி எங்கள் தெருவுக்கு வரும் என்றேன் நான். வராது என்றார் அவர். தோற்றவர் ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், முழுப் படியையும் துப்புரவாக்க வேண்டும். வண்டி வரவில்லை. நான் தோற்றேன். ஆனால் சன்னலில் தெரிந்த அவருடைய முகம் வென்ற முகமாக இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் கணவர் வேலைக்குப் போகவேண்டும்; கார் பனிக்குள் புதைந்து கிடந்தது. வண்டி வரவேண்டும் என்று என்னைவிட அவர்தான் அதிகம் விரும்பியிருக்கிறார்.

"பிறகேன் வராது எண்டு கட்டினனீங்கள்?"

"மனம் விரும்புறதுக்கு எதிராத்தான் கட்டோணும். வண்டி வந்திருந்தால் கார் வெளியில வரும். வராட்டி நீ படி கூட்டுவாய். ரெண்டில ஒண்டு என்ர கையில இருக்கும். வெறுங்கையோட நிக்கமாட்டன்."

அவரை எல்லோரும் லண்டன் அக்கா என்றார்கள். அவருக்கு அது பிடிக்காது. "கல்யாணம் கட்டி மொன்றியல் வந்து இவ்வளவு நாளாகுது. இன்னும் லண்டன் அக்கா. லண்டனில இருக்கேக்க என்னை யாழ்ப்பாணத்தாள் எண்டவங்கள். நான் எப்பவும் ஒரு ஊர் பிந்தித்தான்." இரண்டு பேருக்கும் அது இரண்டாவது திருமணம். லண்டனில் அவர் பந்தயக்கடையில் வேலை செய்தார். முதலில் காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால், பிறகு வென்ற சீட்டுகளுக்குக் கணக்குப் போடும் ஆளாக, கடைசியில் கடைக்கே பொறுப்பாளராக. இதை மறைத்திருந்தால் கோயிலில் அவரைப் பற்றி ஒரு கதையும் வந்திராது. அவரோ பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபடியே குதிரை ஓட்டத்தை விளக்குவார். அவருக்கு முன்னும் பின்னும் வரிசையில் கொஞ்சம் இடைவெளி விழும்.

"என்ன, அரிசிக் கடையெண்டால் நல்லம், பந்தயக்கடையெண்டால் கூடாதோ? அரிசிக் கடைக்காரன் கப்பல் வரமுந்தி அரிசியை வாங்கி வைக்கிறான். அவனும்தான் கட்டுறான். எங்களிட்ட விலை பலகையில இருக்கும். அவனிட்ட மனசுக்குள்ள இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் எதற்கும் ஒரு விலை சொல்வார். காசு விலையல்ல. நாலுக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று பந்தயக்கடைக்காரர் சொல்கிற விலை. ஆறுக்கு ஒன்று என்றால், நடக்காது என்பதற்கு ஆறு பங்கும் நடக்கும் என்பதற்கு ஒரு பங்கும் இருக்கிறது என்று பொருள். பேருந்து வருவதற்கும், வீட்டுக்காரர் குழாய் திருத்த வருவதற்கும், தோசை கல்லில் ஒட்டுவதற்கும் விலை உண்டு. 'நிச்சயம்' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. ஒருநாள் அவருடைய கணவர், ஒரு மாதத்தில் பத்து வசனம் பேசுகிறவர், தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, என்னைக் கட்டேக்க என்ன விலை போட்டவ எண்டு கேட்டுப் பாரும்."

"நாலுக்கு ஒண்டு. நிண்டு பிடிக்காது எண்டு" என்றார் அக்கா. "இண்டைவரைக்கும் தோத்துக்கொண்டிருக்கிறன்."

கணவர் சிரிக்கவில்லை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக அவருக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

பிரித்தானிய அரசியலை அவர் குதிரைகளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். குதிரைகளை ஒருபடி மேலே வைத்து. "குதிரை தோத்தால் அறிக்கை விடாது. நிலம் ஈரம், போன முறை ஓடினவன் நிலத்தைப் பழுதாக்கிப்போட்டான் எண்டு சொல்லாது." அந்நாட்டு ரயில்களைப் பற்றிப் பேசினால் குரல் ஏறும். "ரயிலைத் துண்டுதுண்டா வித்துப்போட்டு, ரயில் வரேல்லை எண்டு வித்தவங்களே முறைப்பாடு எழுதுவாங்கள். தண்டவாளத்தில இலை விழுந்ததெண்டு ரயில் நிண்ட நாடு தம்பி அது. இலை! இங்க வீடு உயரத்துக்குப் பனி கொட்டுது, மெட்ரோ தன்ர பாட்டில ஓடுது." சொல்லி முடித்ததும், அந்த நாட்டை நான் பதிலுக்கு ஒரு வார்த்தை குறைசொன்னால் விடமாட்டார். "உனக்கென்ன தெரியும்? பந்தயத்தில தோத்தவனுக்கும் நன்றி சொல்லித்தான் கதவைத் திறந்துவிடுற சனம் அது. எங்கட ஆக்கள் வெண்டவனைத்தான் தேடிப்போய்க் கைகுடுப்பினம். தோத்தவன்தான் நாளைக்கும் கடைக்கு வாறவன் எண்டு தெரியாது."

குதிரைப் பந்தய விழாவுக்கு மகாராணி என்ன நிறத் தொப்பி போட்டுவருவார் என்று கட்டுகிற சனத்தைப் பற்றி அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். "நீலம் எண்டு ஒரு நாள் திடீரெண்டு கன பேர் வந்து கட்டினால், நாங்கள் உடன நீலத்தை மூடிப்போடுவம். ஆரோ அலுமாரியைப் பாத்திட்டாங்கள் எண்டு அர்த்தம். அரசாங்க ரகசியம் காக்கிறதைவிட அது கஷ்டம்."

2005 மே 5, வியாழக்கிழமை. பிரித்தானியப் பொதுத்தேர்தல். ஈராக் போருக்குப் பிறகு அக்காவுக்கு அந்தச் சிரித்த முகப் பிரதமரைப் பிடிக்காது. தோற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் பிரதமர் வெல்வார் என்று என்னோடு கட்டினார். பெரும்பான்மை பாதிக்கு மேல் கரையும் என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டும் அப்படியே நடந்தன. பந்தயப்படி நான் வடை சுட்டுக் கொண்டுபோனேன்.

"உளுந்து சரியா அரைபடேல்லை" என்றார், மூன்றாவதைக் கடித்துக்கொண்டு. "ஆனால் ஆள் தோத்திருந்தால் இதுகூட இல்லை."

அதே ஆண்டு ஜூலை 6 அன்று, ஒலிம்பிக் விளையாட்டை நடத்தும் உரிமை யாருக்கு என்று அறிவித்தார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் எல்லோரும் பாரிஸ் பக்கம். அக்காவின் மனம் லண்டனில்; ஆகவே அவரும் பாரிஸில் கட்டினார். லண்டன் வென்றது. தோற்ற மகிழ்ச்சியில் எங்கள் படி முழுவதும் மட்டன் ரோல் மணந்தது. தபால்காரருக்கும் இரண்டு கொடுத்தார். மறுநாள் காலை லண்டன் சுரங்க ரயில்களில் குண்டுகள் வெடித்த செய்தி வந்தது. நாள் முழுக்கத் தொலைபேசியில் இருந்தார். இரவாகும்போது அங்கிருந்த தெரிந்தவர்கள் எல்லோரும் தொடர்பில் கிடைத்துவிட்டார்கள். அன்று அவர் எதற்கும் விலை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருடைய விலைகளை எங்கள் ஆட்கள் சாத்திரமாக எடுத்ததுதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம். ஒரு தாய் தன் மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைக்குமா என்று கேட்டார். "இடம் குறைவு, கேக்கிற பிள்ளையள் கூட. ஐஞ்சுக்கு ஒண்டு" என்றார் அக்கா. கிடைக்கவில்லை. ஐந்துக்கு ஒன்று என்றால் அப்படித்தான் நடக்கக் கூடுதல் வாய்ப்பு. ஆனால் அந்தத் தாய், அக்கா வாய்வைத்ததால்தான் போனது என்று கோயில் முழுக்கச் சொன்னார். கரிநாக்கு. சொன்ன கேடு பலிக்கும் நாக்கு. அதற்குப் பிறகு பிள்ளைகளின் பரீட்சைக் காலத்தில் அவரைக் கண்டால் சிலர் தெருவைக் கடந்து மறுபக்கம் போனார்கள். அவருக்கு அது நொந்திருக்க வேண்டும். ஆனால் சொன்னது இதுதான்: "நான் கரிநாக்கெண்டால் லண்டனில அவ்வளவு குதிரையும் செத்திருக்கும்."

எங்கள் தெருமுனையில் ஜெகனுடைய சின்னக் கடை இருந்தது. பால், பாண் ரொட்டி, பியர், லொத்தர்ப் பரிசுச் சீட்டு விற்கிற, இங்கே டெப்பனர் என்று சொல்கிற வகைக் கடை. அதோடு எங்களுக்காகக் கொஞ்சம் முருங்கைக்காயும் கறித்தூளும். ஜெகனுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான். கெட்டிக்காரன், கடும் உழைப்பாளி, சந்தேகம் என்பது கிட்டவும் வராதவன். மனைவி வதனி கல்லாவில் இருப்பாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். 2007 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் கடைக்குள் நிற்கும்போது ஜெகன் செய்தியை உடைத்தான். லண்டனுக்கு வெளியே மச்சான் ஒருவன் பெட்ரோல் நிலையம் எடுக்கிறான், பாதிப் பங்கு இவனுக்கு. கடையை விற்றுவிட்டு, இருப்பதையெல்லாம் போட்டு, ஓகஸ்டில் குடும்பத்தோடு போகிறார்கள்.

"நூறு வீதம் நிச்சயம் அக்கா. நீங்கள் லண்டனில இருந்தனீங்கள், உங்களுக்குத் தெரியும்."

"நூறு வீதம் எண்டு ஒரு விலை பலகையில இல்லை ஜெகன்."

"அப்ப நீங்கள் ஒரு விலை சொல்லுங்கோவன்." சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

அக்கா யோசித்தார். மச்சான் முன்பு என்ன தொழில் செய்தான், நிலம் யாருடையது, வங்கி எவ்வளவு கொடுக்கிறது என்று மூன்றே கேள்விகள். பிறகு சொன்னார்.

"ஆறுக்கு ஒண்டு. சரிவராது எண்டு."

வதனி பாணுக்கு மீதிக்காசு எண்ணிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. ஜெகனுடைய முகம் கறுத்தது.

"ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க கடைக்குள்ள வந்து நிண்டு... சனம் சொல்லுறது சரிதான். கரிநாக்கு!"

"கேட்டாய், சொன்னன்."

"சரி, கட்டுவம். அடுத்த வருசம் இந்த நேரம் நான் அங்க நிமிர்ந்து நிண்டால், நீங்கள் சனம் கூடின இடத்தில, எல்லாற்றை முன்னாலயும், நான் தோத்தன் எண்டு சொல்லோணும். மைக்கில!"

"ஓம்" என்றார் அக்கா. "நீ தோத்தால்?"

"நான் தோக்கமாட்டன்."

"அப்ப அது பந்தயமில்லை, அருள்வாக்கு. பரவாயில்லை, ஒருபக்கக் கட்டாவே இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து வதனி இரும்புப் படி ஏறிவந்தாள். நான் அப்போது அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழும்பினேன். "இரும், ஒளிக்க ஒண்டுமில்லை" என்று வதனியே சொன்னாள். கதிரை நுனியில் இருந்தாள்.

"உண்மையா அப்பிடித்தானோ அக்கா? எனக்கு நித்திரை இல்லை. நான் அவரை மறிக்கவோ?"

"மறிச்சால் நிப்பானோ?"

"நிக்கமாட்டார்."

"பேந்தென்ன. பிள்ளை, நான் உனக்குச் சாத்திரம் சொல்லேல்லை. ஆறுக்கு ஒண்டு எண்டால் ஏழு தரத்தில ஒருக்கா வரும். அந்த ஒண்டு உன்ரயா இருக்கலாம். எனக்கும் அதுதான் விருப்பம். கேள். பந்தயக்கடைக்கு ஒருத்தன் பெரிய கட்டு ஒண்டு கொண்டுவந்தால் சின்னக் கடை என்ன செய்யும் தெரியுமோ? மாட்டன் எண்டு சொல்லாது. தனியத் தாங்கவும் தாங்காது. பாதிப் பாரத்தை வேற கடைக்குத் தள்ளிவிடும். வெண்டால் லாபம் குறையும். ஆனால் தோத்தால் கடை பூட்டாது."

"எங்கட பாரத்தை நாங்கள் ஆருக்குத் தள்ளுறது?"

"கடையை விக்காதேங்கோ. கடை இருந்தால் திரும்பி வந்து நிக்க ஒரு இடம் இருக்கும். குத்தகை அடுத்த வருசம் ஜூன் முடியும் வரைக்கும் இருக்கெல்லோ."

"ஆர் அக்கா நடத்திறது? நம்பி ஆரிட்ட விடுறது?"

அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் உடனே, "என்னைப் பாக்காதையும், எனக்கு முழங்கால்" என்றார்.

"உங்களை ஆர் கேட்டது?" என்றார் அக்கா. "நான் நடத்துறன்."

வதனி அழத் தொடங்கினாள். அக்காவுக்கு அழுகை பிடிக்காது. எழும்பிப் போய் அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

"உன்ர மனுசனுக்கு இதைச் சொல்லாதை. பாதுகாப்பு எண்டு சொன்னால் அவன் எடுக்கமாட்டான். நான் வேற மாதிரி வாறன்."

அவர் வந்த மாதிரியை நான் நேரில் பார்த்தேன். அடுத்த ஞாயிறு கடைக்குள் நுழைந்து, ஜெகன் விற்பதற்கு எழுதி ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, எனக்குத் தொழில் செய்ய ஆசை, வாங்கக் காசில்லை, ஒரு வருடத்துக்கு வாடகைக்குத் தா என்று தொடங்கினார். ஒரு மணித்தியாலம் பேரம் பேசினார். அலுமாரி பழசு என்றார், குளிர்பெட்டி சத்தம் போடுகிறது என்றார், தக்காளியைக் கையில் எடுத்து ஜெகனுடைய முகத்துக்கு முன்னால் நசித்துக் காட்டினார். ஜெகனும் விடவில்லை. கடைசியில் அவன் கேட்ட வாடகைக்கே வந்து நின்றார். தோற்றவர்போல முகத்தை வைத்துக்கொண்டு. அவர் போனபின் ஜெகன் என்னிடம் கண்ணடித்தான்.

"பாத்தியளோ அண்ணை? பந்தயக்கடைக்காரியின்ரை தலையிலயே கட்டிப்போட்டன்."

மனிதர்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ஒருவர் இவ்வளவு அழகாகத் தோற்கமுடியும் என்று எங்கும் வாசித்ததில்லை.

ஓகஸ்டில் அவர்கள் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா கடையைத் திறந்தார். அவருடைய பிரெஞ்சு ஐந்து சொற்கள்: பொன்ஜூர், மெர்சி, ஓம் என்பதற்கு ஒன்று, இல்லை என்பதற்கு ஒன்று, நாளைக்கு என்பதற்கு ஒன்று. அந்த ஐந்தைக்கொண்டு அவர் எங்கள் தெருவின் கிரேக்கக் கிழவிகளிடம் குளிர்காலம் பற்றியும் பிரித்தானிய மந்திரிசபை பற்றியும் கதைத்தார். லொத்தர்ச் சீட்டு விற்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. "இதை நான் பந்தயம் எண்டு ஒத்துக்கொள்ளமாட்டன். குதிரைக்கு எண்டாலும் கால் இருக்கு, பாத்துக் கட்டலாம். இது கணக்குத் தெரியாத சனத்துக்குப் போடுற வரி." வாங்க வருகிறவர்களிடம் தலையை ஆட்டி, "நோன், நோன்" என்பார். இரண்டு சீட்டு கேட்டவருக்கு ஒன்றுதான் கிடைக்கும். கூடவே ஒரு வாழைப்பழம்.

விடியமுன் ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் காய்கறி எடுத்தார். நான் சில நாட்கள் பெட்டி தூக்கப் போனேன். கொத்தமல்லிக் கட்டுகளுக்கு முன்னால், குதிரையின் காலைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து நிற்பார். "கூட எடுத்தால் அழுகும். குறைய எடுத்தால் சனம் அடுத்த கடைக்குப் போகும், பேந்து வராது. ஒவ்வொரு காலமையும் ஒரு கட்டு தம்பி. ஜெகன் இத்தனை வருசம் கட்டி வெண்டவன். அது அவனுக்கே தெரியாது."

செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. கல்லாவுக்கு மேலே இருந்த சின்னத் தொலைக்காட்சியில், பிரித்தானியாவில் ஒரு வங்கியின் வாசலில் காசை மீட்கச் சனம் வரிசையில் நிற்பதைக் காட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். ஜெகனின் மச்சானுக்குக் கடன் கொடுத்தது வேறு வங்கிதான். ஆனாலும் அவர் லொத்தர் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"பாத்தியோ, வாழ்நாள் காசு போகுதெண்டு ஓடிவந்தவங்கள். ஒருத்தனும் வரிசையைக் குலைக்கேல்லை. அந்தா, அந்த மனுசி தனக்குப் பின்னால வந்தவளுக்குக் குடை பிடிக்குது." தொலைக்காட்சியை நிறுத்தினார். "வதனிக்கு டெலிபோன் எடுத்துக் கதைக்கோணும்."

எடுத்துக் கதைத்தார். கடையில் முருங்கைக்காய் மலிவு என்றார், குளிர்பெட்டி இப்போது சத்தம் போடுவதில்லை என்றார், லொத்தர் வாங்குகிற கிரேக்கக் கிழவியைப் பற்றிச் சொன்னார். அதற்குள் மூன்று முறை, "கடை திறந்துதான் இருக்கு" என்றார். வங்கி என்ற சொல்லே வரவில்லை. ஒக்டோபரில் பிரித்தானியாவின் புதுப் பிரதமர் தேர்தல் வைப்பார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் வைக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது மட்டும் பழைய அக்கா வெளியே வந்தார். "குதிரை கதவு திறக்கமுந்தியே திரும்பி லாயத்துக்குப் போட்டுது. கட்டினவனெல்லாம் சீட்டோட நிக்கிறான்."

அந்தக் குளிர்காலம் பனி கொட்டித் தீர்த்தது. நடைபாதைகள் பதுங்குகுழிகள் போல ஆயின. அக்காவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் வெடிப்பு, காலில் வீக்கம். கணவர் முழங்காலோடு வந்து கல்லாவில் இருந்தார். பிரெஞ்சில் அவருக்கு ஐந்து சொல்லும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் லண்டனிலிருந்து நல்ல செய்தி வந்தது. பெட்ரோல் நிலையத்தோடு கோப்பிக் கடை சேர்த்தார்கள், இரண்டாவது ஆளை வேலைக்கு வைத்தார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு அக்கா கடை முழுக்கக் கேட்கச் சொல்வார்: "தோத்துக்கொண்டு வாறன்!" கடையில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது. சிரித்த முகத்தைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள்.

2008 ஜூன் 28, சனிக்கிழமை. வதனியின் தங்கைக்குப் பக்கத்து நகரமான லவாலில் ஒரு மண்டபத்தில் திருமணம். ஜெகன் குடும்பத்தோடு வந்திருந்தான். புதுக் கோட்டு, நிமிர்ந்த நடை. திங்கட்கிழமையோடு கடையின் குத்தகை முடிகிறது. திறப்புகளை, அதாவது கடைச் சாவிகளை, கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்து, இருக்கிற அலுமாரிகளை விற்றுவிட்டுப் போவதாகத் திட்டம். சாப்பாட்டுக்கு முன் அக்கா தன் நல்ல சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குப் போனார். அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"போன வருசம் இந்த ஜெகனுக்கு நான் ஆறுக்கு ஒண்டு போட்டன், சரிவராது எண்டு. அவன் வெண்டிட்டான். நான் தோத்தன். தோத்தால் இதைச் சொல்லோணும் எண்டு கட்டினது. சொல்லிப்போட்டன். கெட்டிக்காரன். எல்லாரும் ஒருக்காக் கைதட்டுங்கோ."

மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் யாரோ, "கரிநாக்கு வெளுத்துப் போச்சு!" என்று கத்த, பெரிய சிரிப்பு. மகளுக்கு மருத்துவம் கிடைக்காத அந்தத் தாய் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தார். அக்கா சிரிப்பு முடியும்வரை மேடையிலேயே நின்றார். அரைவாசிக் கடனைக் கட்டிவிட்டு ஓடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஜெகனைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வருடமாகக் காத்திருந்த தருணம். அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து கார் நிற்குமிடத்தில் விடைபெற்றோம். அக்கா கையை நீட்டினார்.

"கடையின்ர மற்றத் திறப்பைத் தா. திங்கக்கிழமை குடுக்கோணும்."

ஜெகன் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். வெளியே வந்தது ஒரு பெரிய வளையம். பெட்ரோல் நிலையத்தின் திறப்புகள், லண்டன் வீட்டுத் திறப்பு, காருடையது. அவற்றுக்கு நடுவில், மற்றவற்றைப்போலவே தேய்ந்து பளபளத்துக்கொண்டு, தெருமுனைக் கடையின் திறப்பு.

அவன் அதைக் கழற்ற நகத்தால் வளையத்தை நெம்பினான். நெம்ப வரவில்லை.

"இதையும் சேத்தோ ஒவ்வொரு நாளும் காவிக்கொண்டு திரிஞ்சனி?" என்றார் அக்கா.

வதனிதான் சொன்னாள். "பாரமாக் கிடக்கு, கழட்டி வையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான் அக்கா. கேட்டால்தானே."

வளையத்தில் ஜெகனுடைய விரல்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தன. அக்கா தன் கையை அதன்மேல் வைத்தார்.

"விடு. கழட்டாதை."

"அக்கா, அங்க எல்லாம் சரியாத்தான்..."

"ஓம், ஓம். நான்தானே மைக்கில சொன்னனான்."

கொஞ்ச நேரம் காரின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான். பிறகு, பக்கத்தில் பிள்ளைகள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"இப்ப என்ன விலை அக்கா?"

"இப்பவோ? ஒண்டுக்கு ஒண்டு." அவனுடைய கோட்டிலிருந்த அரிசி மணியைத் தட்டிவிட்டார். "நல்ல விலை. ஆனால் நூறு வீதம் இல்லை."

கட்டடக்காரரோடு அந்தத் திங்கட்கிழமை அக்கா இன்னும் ஒரு வருடக் குத்தகைக்குக் கையெழுத்து வைத்தார். கணவர் தன் மாதாந்த வசனங்களில் நாலைந்தை அதற்காகச் செலவழித்தார், எல்லாம் எதிர்ப்பு. மறுநாள் ஜூலை முதலாம் திகதி, மொன்றியலில் பாதிப்பேர் வீடு மாறுகிற நாள். தெரு முழுக்கக் குளிர்பெட்டிகளும் மெத்தைகளும் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஏழு மணிக்குக் கடையைத் திறந்து, வெறும் பெட்டி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஜெகனும் வதனியும் அந்த வருடமும் திரும்பி வரவில்லை. அக்கா அதையும் தன் இன்னொரு தோல்வியாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.